என் தம்பி கப்பலில் இருந்த மூன்று நாள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். தையல் மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். ஊரில் வள்ளம் வைத்து மீன்பிடிக்கிற தம்பி சேவியர் போன் பண்ணினான். பின்னால் ஒரே இரைச்சல். ஒலிபெருக்கியில் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எக்கா, சென்னைல கப்பல் ஏறிட்டேன். இன்னுங் கொஞ்ச நேரத்துல சிக்னல் போயிரும். வெள்ளிக்கிழமை அங்க வந்துருவேன்."

"எங்கல வாரே?"

"உங்கிட்டத்தான். உங்கூட சேந்து தொழில் பாக்கப் போறேன். வள்ளத்தக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டேன்னா?"

"வித்துட்டேன்க்கா. சொன்னா வேண்டாம்பேன்னு தெரியும், அதான் சொல்லல. உம் மக அனிதான் டிக்கெட் போட்டா. ஆர்பர் வரைக்கும் வந்து வழியனுப்பிட்டுப் போறா."

"எலே, இறங்குல! மொதல்ல கீழ இறங்கு!"

"ஏணிய எடுத்துட்டாங்கக்கா" என்று சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பவன். அதோடு போன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் வர மூன்று நாள் ஆகும். நடுக்கடலில் போன் வேலை செய்யாது. அந்த மூன்று நாளும் என் தம்பி ஒரு பொய்யை நம்பி மிதந்து வந்துகொண்டிருந்தான். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

என் தொழில் படுத்துவிட்டிருந்தது. அது அவனுக்குத் தெரியாது.

2

நான் இங்கே வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. கல்யாணமான கையோடு தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கூட்டிவந்துவிட்டார். குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒரு மெஷின் போட்டேன். அது எட்டு மெஷின் ஆயிற்று. பள்ளிக்கூடச் சீருடைதான் என் தொழில்.

சின்னத் தீவுகளிலிருந்தும் ஆர்டர் வரும். லாங் ஐலண்டில் ஒரு டீச்சர் பிள்ளைகளின் அளவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, படகு ஏறுகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். நோட்டு என்னிடம் வந்து சேரும். நான் தைத்து மூட்டையாகக் கட்டி, அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவேன். கொண்டுபோகிறவர் பெயர்கூடப் பல சமயம் தெரியாது. ஒரு சட்டை காணாமல் போனதில்லை. இந்தத் தீவுகளில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அது ஒன்று. மற்றவை குறைவு.

இங்கே துணி வேண்டுமென்றால் பள்ளி திறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே மெயின்லேண்டில் சொல்லியாக வேண்டும். கப்பலில் இடம் கிடைக்க வேண்டும், கடல் ஒத்துழைக்க வேண்டும். அப்படித்தான் போன வருஷமும் இங்கே இருக்கிறதிலேயே பெரிய பள்ளிக்கூடத்துக்கு நீலக் கட்டம் போட்ட துணியை வரவழைத்தேன். துணி வந்து இறங்கிய பத்தாம் நாள், இந்த வருஷம் முதல் பச்சைக் கட்டம் என்றார்கள். கமிட்டி முடிவாம். நேரில் போய்க் கேட்டேன். "மேடம், ஆப் எக்ஸ்சேஞ்ச் கர் லீஜியே" என்றார் அங்கிருந்தவர். மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். எங்கே போய் மாற்றுவது? கடலைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பஜாரில் கொடுத்து, அண்ணாச்சி, வேறு நிறம் போடுங்கள் என்று கேட்பதா?

அடுத்து, மற்ற பள்ளிகள் எல்லாம் சேர்ந்து இணையதளத்தில் டெண்டர் என்று சொல்லிவிட்டன. சரி, அதையும் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு பத்திரம் கேட்டது. ஒவ்வொன்றாக வாங்கி ஏற்றினேன். கடைசியில் விண்ணப்பம் திரும்பி வந்தது. என் உரிமத்தில் போர்ட் பிளேர் என்று இருக்கிறது, ஊரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், இரண்டும் ஒத்துப்போகவில்லையாம். ஊருக்குப் பெயர் மாற்றியது நானா? அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "ஹிம்மத் ரக்கோ, தீதி" என்றார். தைரியமாக இரு அக்கா என்று அர்த்தம். தைரியத்தை எந்தக் கட்டத்தில் பதிவேற்றுவது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இந்தியில் எனக்குச் சண்டை போட வரும், நக்கல் வராது.

டெண்டர் ஒரு மெயின்லேண்ட் கம்பெனிக்குப் போயிற்று. ரெடிமேட் சீருடைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அந்தப் பெட்டிகளைக் கிரேனில் இறக்கியவர் என் வீட்டுக்காரர். அவர் வேலை அது, உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு மதியம் சாப்பாட்டை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

ஆறு பெண்களை நிறுத்தினேன். ஷெஃபாலி என்ற பெங்காலிப் பெண்ணும் இன்னொருத்தியும் மட்டும் மிச்சம். நீலக் கட்டத் துணிக்கட்டுகள் உள்ளறையில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. வீட்டுக்காரர் கேட்டபோது, "காம் சல் ரஹா ஹை" என்றேன். வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று. இந்தத் தீவில் யார் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. பெங்காலி, தெலுங்கர், மலையாளி எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். அவரும் சீசன் இல்லாத மாதம் போல என்று விட்டுவிட்டார்.

3

இனி அந்த வீடியோவுக்கு வருகிறேன்.

என் மகள் அனி சென்னையில் பி.பி.ஏ. படிக்கிறாள். இங்கே பிறந்து, இந்தியில் விளையாடி, இந்தியில் சண்டை போட்டு வளர்ந்தவள். சென்னை விடுதியில் அவளை இந்திக்காரி என்கிறார்களாம். பீகார் பெண்கள் அவளை மதராஸி என்கிறார்களாம். அந்தமானிலிருந்து வர பாஸ்போர்ட் வேண்டுமா என்று ஒரு பேராசிரியரே கேட்டாராம். எனக்குத் தமிழில் செய்தி அனுப்பும்போது ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவாள். நான் அதை வாய்விட்டுப் படித்துத்தான் புரிந்துகொள்வேன்.

அவளுக்கு ஒரு பிராஜெக்ட் கொடுத்தார்கள். தொழிலில் பிரச்சினை வரும்போது மனத்தை எப்படித் திடப்படுத்திக்கொள்வது என்று ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். "நான் உன்னைத்தான் எடுக்கப் போறேன்மா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், ரொம்பவே பெருமையாக இருந்தது. அவள் என்னிடம் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வீடியோ காலில் கேட்டாள். "பிராப்ளம் வந்தா நீ என்னம்மா பண்ணுவே?"

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "அசையக் கூடாது. கப்பல் வரலையா, வரும்னு இருக்கணும். ஆர்டர் போச்சா, அடுத்தது வரும்னு இருக்கணும். நான் ஒருநாள்கூட அழுததில்ல. யாருகிட்டயும் போய் நின்னதில்ல."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எட்டு மெஷினும் ஓடுகிறது என்றேன். பட்டறைப் படம் கேட்டாள். எட்டுப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற படத்தை அனுப்பினேன். அது இரண்டு வருஷத்துக்கு முந்தின படம்.

அவள் அதையெல்லாம் சேர்த்து, பின்னால் இசை போட்டு வீடியோவாக்கினாள். வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கினாள். மாமாவுக்கும் அனுப்பினாள். அவன் அதைத் தினமும் பார்த்திருக்கிறான், வள்ளத்தில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறான்.

4

எங்கள் கடற்கரையில் ஒரு பழக்கம் உண்டு. கரைக்கு வருகிற வள்ளத்தைப் பார்த்து, "பாடு எப்படி?" என்று கேட்பார்கள். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். "கறிக்கு ஆச்சு" என்பார்கள். வீட்டுக் குழம்புக்கு ஆயிற்று என்று. கடல் தாய் கொடுக்கவில்லை என்று வாயால் சொல்வது தப்பு என்று என் அப்பா நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. கேட்டவர் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டே வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துவிடுவார். வெறும் வலை கிடப்பது தெரியும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு கூறு மீனைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, பேச்சே இல்லாமல் போவார்கள். அம்மா அடுத்த வாரம் அதே மாதிரி வேறு வாசலில் வைப்பாள்.

அந்தப் பழக்கத்தைத்தான் நான் கடல் தாண்டிக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் வரும். எப்படி இருக்கீங்க என்பார்கள். நல்லா இருக்கோம் என்பேன். ஆனால் போனில் யாரும் வள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இந்தச் சின்ன விஷயம் இருபத்தொரு வருஷம் எனக்கு உறைக்கவில்லை. வெளியூர் போன நம் ஆட்கள் எத்தனை பேருக்கு உறைத்திருக்கிறது என்று தெரியவில்லை.

5

செவ்வாய் மத்தியானமே வீட்டுக்காரரிடம் ஓடினேன். துறைமுக வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலுக்கு ஒயர்லெஸ்ஸில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லச் சொல்றே? ஒரு பாசஞ்சரோட அக்கா பிசினஸ் நஷ்டம்னா?" என்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கேட்டப்ப ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

புதன்கிழமை அனிக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அழுதாள். என் மகள் அழும்போது இந்திக்குப் போய்விடுவாள்.

"தும் முஜ்சே ஜூட் போலா, மா." என்னிடம் பொய் சொன்னாய் என்கிறாள்.

"உனக்குக் கவலை வேண்டாம்னுதானம்மா..."

"எனக்கு இங்க எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? காலேஜை விட்டுட்டு வந்துரலாம்னு ரெண்டு வாட்டி நெனச்சேன். அம்மா அழவே மாட்டா, நான் மட்டும் ஏன் அழுறேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் கஷ்டப்பட்டதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்டபோதெல்லாம் அவளும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருந்தாள். யாரிடம் கற்றாள் என்று கேட்கத் தேவையில்லை.

வியாழக்கிழமை முழுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டறையைக் கூட்டினேன். மூடிக் கிடந்த ஐந்து மெஷினின் உறையைக் கழற்றி எண்ணெய் விட்டேன். நிறுத்திய பெண்களை இரண்டு நாள் மட்டும் வந்து உட்காரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஷெஃபாலியிடம் கேட்டும்விட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தீதி, பாகல் ஹோ கயா க்யா?" என்றாள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று. "வோ துமாரா பாய் ஹை. இன்ஸ்பெக்டர் நஹி." அவன் உன் தம்பி, இன்ஸ்பெக்டர் இல்லை என்றாள்.

எண்ணெய்த் துணியை வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருஷமாக என் நஷ்டத்தை முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடமும் நான் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை.

6

வெள்ளிக்கிழமை கப்பல் ஹேடோவில் வந்து கட்டியது. கூட்டத்தில் அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு வந்தான். பின்னால் இரண்டு சுமைதூக்கிகள் ஒரு பெரிய மரப்பெட்டியை இறக்கினார்கள்.

"என்னல இது?"

"ஓவர்லாக் மெஷின்க்கா! துணி ஓரம் அடிக்க பெரிய கம்பெனில எல்லாம் வச்சிருப்பானுங்களே, அது. வள்ளம் வித்ததுல வாங்குனேன். நீ எட்டு மெஷின் வச்சிருக்கே, இது ஒண்ணுதான் இல்லன்னு அனி சொன்னா."

வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லலாம், முதலில் அவன் சாப்பிடட்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அங்கேயே, நடுவழியில் நின்று சொன்னேன்.

"தொழில் இல்லல. ஒரு வருசமா இல்ல. வீடியோல உள்ள படம் பழசு. இப்ப நானும் இன்னும் ரெண்டு பேருந்தான். அவங்களுக்கும் வேல இல்ல."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். என் முகத்தைப் பார்த்த பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"ஒருநாளும் அசையலேன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"வெறும் பேச்சா?"

"அசையலதான். யாருகிட்டயும் சொல்லல. அத்தான்கிட்டகூடச் சொல்லல."

"வள்ளம் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா" என்றான். "கடன்கூட இல்ல. எனக்குத் தெரிஞ்சிருந்தா வித்திருக்க மாட்டேன்."

"உட்டானா ஹை க்யா, பாய்?" என்று சுமைதூக்கி கேட்டார். தூக்கவா வேண்டாமா என்று. அவனுக்கு இந்தி தெரியாது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் என்னைத்தான் பார்ப்பான். அன்றைக்குப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தட்டி, பெட்டியைக் காட்டி, கையை மேலே தூக்கிக் காட்டினான். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஊர் மத்தியில் நின்று அழுதேன். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

7

அவன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அத்தானிடம் பேசினான், ஷெஃபாலியிடம் கையாலேயே பேசினான். மூன்றாம் நாள் உள்ளறைக்குப் போய் நீலக் கட்டத் துணிக்கட்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"இம்புட்டையும் ஒத்தையா தாங்கிக்கிட்டு இருந்தியா?" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷமும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை தலைதூக்கியது. ஆமா என்றேன்.

"யாரு உன்னத் தாங்கச் சொன்னா?" என்று கத்தினான். "போன வருசமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அங்கயிருந்தே இந்தத் துணிக்கு ஒரு வழி பாத்திருப்பேன்லா? நம்ம பக்கம் எத்தன பள்ளிக்கூடத்துல நீலக் கட்டம் போடுதான்! வள்ளத்த வச்சுக்கிட்டே பாத்திருப்பேன்லா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. மாற்றிக்கொள்ளச் சொன்னவர்மேலும் பெயர் மாற்றியவர்கள்மேலும் கப்பல்மேலும் ஒரு வருஷம் எரிச்சல்பட்டேன். தாங்குவதிலேயே கவனமாக இருந்ததில், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை.

இப்போது துணியில் பாதியை ஊர்ப்பக்கம் அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறான். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு விண்ணப்பம், அதற்கு ஒரு பத்திரம். ஓவர்லாக் மெஷினை வாங்க இந்தத் தீவில் ஆள் இல்லை. பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. வாரத்தில் நாலு நாள் இங்கே இருக்கிற மீனவர்களோடு கூலிக்குக் கடலுக்குப் போகிறான். சொந்த வள்ளம் வைத்திருந்தவன். அனி போன் பண்ணுகிறாள், மாமாவிடம் முதலில் பேசிவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"இனிமே நீ சொல்லுறத அப்படியே நம்ப மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். சொன்னபடியே செய்கிறான். காலையில் டீ குடிக்க உட்காரும்போது, "எப்படி இருக்கே?" என்று கேட்பான். நான் பதில் சொன்னதும் என் முகத்தைப் பார்ப்பான். பார்த்து முடித்த பிறகுதான் டம்ளரை எடுப்பான். எனக்கு எரிச்சலாக வருகிறது. ஐம்பதை நெருங்குகிறவளை இப்படியா சோதிப்பது?

நேற்றும் கேட்டான். முந்தின நாள்தான் கப்பலில் இடம் கேட்ட விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது.

"முடியலல" என்றேன்.

"சரி" என்றான். டீயைக் குடித்தான். "அத இப்படிக் குடு, நான் பாக்கேன்" என்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போனான்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. சொல்ல அரை நொடிகூட ஆகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதில் என் தம்பியின் வள்ளம் போய்விட்டது.